எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் ஜோடியை அப்படியே விற்பதா, கப்பாசிட்டர் மாற்றிவிட்டு விற்பதா?

கேள்வி:
நண்பர்களே, என்னிடம் ரோஜர்ஸ் கம்பெனியின் எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கிறது, 15 ஓம் ரகம். இடம் போதவில்லை, விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். இரண்டும் நன்றாகவே பாடுகின்றன, ஆனால் ஒன்றின் வெனீர் (பெட்டி மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு) வெயில் பட்டு ஒரு பக்கம் வெளுத்திருக்கிறது, கிராஸ்ஓவரில் (ஒலியைப் பிரித்து வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் அனுப்பும் சர்க்யூட்) இருப்பதும் அந்தக் காலத்துக் கப்பாசிட்டர்கள்தான். பெட்டியைத் தேய்த்து பாலிஷ் போட்டு, கப்பாசிட்டர்களையும் புதிதாக மாற்றிவிட்டால் கூடுதல் விலை போகும் என்கிறார் ரிப்பேர் செய்பவர் ஒருவர். செய்யலாமா? மல்டிமீட்டரில் இரண்டும் ஒரே அளவு காட்டுகின்றன, விளம்பரத்தில் அந்தப் படத்தைப் போட்டால் போதும்தானே?

பதில் 1:
ஐயோ, திருப்புளியைக் கீழே வையுங்கள் முதலில். இதைத் தேடி வாங்குகிறவர் பளபளப்புக்காக வருவதில்லை, யாரும் கை வைக்காத ஜோடிதானா என்றுதான் பார்ப்பார். பிபிசி 1970களில் ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துக் கேட்பதற்காக வடிவமைத்த ஸ்பீக்கர் இது. கெஃப் கம்பெனியின் பி110 வூஃபரும் (தாழ்ந்த ஒலிக்கு) டி27 ட்வீட்டரும் (உயர்ந்த ஒலிக்கு) உருப்படிக்கு உருப்படி கொஞ்சம் ஏற்ற இறக்கமாகத்தான் வரும். அதைச் சமன்செய்ய உங்கள் 15 ஓம் ரகத்தின் கிராஸ்ஓவரில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, ட்வீட்டரின் அளவை ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக அமைத்தார்கள். அந்தப் பொருத்தத்துக்குத்தான் காசு. சீரியல் எண்களைப் பாருங்கள், ஒரே எண்ணுக்குப் பின்னால் ஏ, பி என்றோ அடுத்தடுத்த எண்களாகவோ இருந்தால் அதைத்தான் முதல் படமாகப் போட வேண்டும். வெளுத்த பக்கத்தையும் மறைக்காமல் போடுங்கள், நேரில் வந்து பார்த்துவிட்டு விலையைக் குறைக்க வழி இருக்காது.

பதில் 2:
மல்டிமீட்டர் படம் பாதிக் கதைதான் சொல்லும். ட்வீட்டருக்குப் போகும் வழியில் தொடராகக் கப்பாசிட்டர் இருப்பதால் மீட்டர் அனுப்பும் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) அதைத் தாண்டாது, நீங்கள் பார்க்கிற எண் வூஃபர் பக்கத்தினுடையது மட்டும். ட்வீட்டர் செத்துக் கிடந்தாலும் மீட்டர் அதே எண்ணைக் காட்டும்! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மோனோவில் (இரண்டு பெட்டிக்கும் ஒரே ஒலி) பேச்சுக் குரல் ஒன்றைப் போட்டு, பேலன்ஸை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் கேளுங்கள். குரலின் நிறம் மாறக் கூடாது. மாறினால் ஒயரை இடம் வலம் மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் அதே பெட்டியோடு நின்றால் கோளாறு அதில்தான். கேட்க வருகிறவர் சொந்தப் பாட்டோடு வரட்டும், ஆனால் அடிவயிறு அதிரும் பேஸை எதிர்பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சுமார் 5 லிட்டர் பெட்டியில் அது வராது.

பதில் 3:
முதல் பதிலோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. கப்பாசிட்டர் கெட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும், பழசு என்பதற்காகவே அதைக் கும்பிட முடியாது. ஆனால் இங்கே எதுவும் கெடவில்லையே, அதனால் விற்பதற்காக மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்தும். பாலிஷ் பற்றிப் பேச்சே வேண்டாம், வெனீர் தாள்போல மெல்லியது, தேய்த்தால் கீழே இருக்கும் பலகை தெரிந்துவிடும். ஈரம் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

கேட்டவர்:
சரி, கை வைக்கவில்லை. சீரியல் எண் ஏ, பி என்றே இருக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் கூரியரில் கேட்கிறார், அனுப்பலாமா?

பதில் 3:
நேரில் வருகிறவர் கிடைத்தால் அவருக்கே கொடுங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள், ஒன்றோடொன்று மோதி மூலை நசுங்கும். தனித்தனி அட்டைப்பெட்டி, அதைச் சுற்றி நல்ல கனத்தில் ஃபோம், அதற்கு வெளியே இன்னொரு பெட்டி. கிரில் மாட்டியே இருக்கட்டும், கிரிலுக்கு முன்னால் ஒரு கெட்டி அட்டையையும் வெட்டி வையுங்கள். மூடுவதற்கு முன் இரண்டும் பாடுவதைச் சீரியல் எண் தெரியும்படி வீடியோ எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்பிவிடுங்கள். இன்சூரன்ஸை முழு விலைக்குப் போடுங்கள், அந்தச் செலவை யார் ஏற்பது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.