பெடல் மேல் போடுவது உறையா, தகடா?

அல்சூர் மொழிபெயர்ப்பாளர்:
நம் பெங்களூர்க் குழுவில் அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். சின்னக் கார்களுக்கான பெடல் செட் ஒன்றின் பொருத்துமுறைத் தாளைக் கன்னடம், இந்தி, தமிழ் மூன்றிலும் கேட்டிருக்கிறார்கள். கன்னடம் செய்யும் தோழி 'பெடல்' என்றே போட்டு நேற்றே அனுப்பிவிட்டார். நான் இன்னும் தலைப்பிலேயே நிற்கிறேன்.

பொருள் இதுதான்: அலுமினியத்தில் மூன்று தட்டுகள், கால் வழுக்காமலிருக்க மேலே ரப்பர் குமிழ்கள். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றிலும் மாட்ட வேண்டும். கார் கம்பெனி தருவதல்ல, நாமே வெளியில் வாங்குவது; ஆங்கிலத்தில் 'ஆஃப்டர்மார்க்கெட்'. 'வெளிச்சந்தை மிதியுறை' என்று எழுதி வைத்திருக்கிறேன். தேறுமா?

மல்லேசுவரம் தமிழாசிரியர்:
மிதியுறை நல்ல சொல். மிதி + உறை, நடுவில் யகர உடம்படுமெய். புதிது என்று தயங்கவே வேண்டாம். பெரும்பாணாற்றுப்படையில் 'மிதியுலைக் கொல்லன்' வருகிறான். தோல் துருத்தியைக் காலால் மிதித்து உலை ஊதுகிறவன். அவனுடைய முறிந்த கொடிறு (குறடு) நண்டின் கவைத்த காலுக்கு உவமை. கால் ஓரிடத்தில் அழுத்த, வேலை வேறிடத்தில் நடக்கிறது. பெடலும் வேறென்ன?

ஆக்சிலரேட்டருக்கு முடுக்கி இருக்கவே இருக்கிறது. கிளட்சுக்கு விடுபற்றி. பிரேக்குக்கு மட்டும் நமக்குள் இன்னும் தீராத வழக்கு உண்டு, அதை இன்று எடுக்கவில்லை.

ஒயிட்ஃபீல்ட் பொறியாளர்:
ஐயா, எங்கள் திருநெல்வேலிப் பக்கம் முடுக்கு என்றால் இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள சந்து. 'முடுக்கியை மிதி' என்றால் என் அப்பா வண்டியை எங்கே விடுவார் என்று யோசிக்கிறேன்.

'வெளிச்சந்தை' எனக்கு ஒட்டவில்லை. ரேஷனில் கிடைக்காத அரிசியைத்தான் வெளிச்சந்தையில் வாங்குவோம். 'பின்சந்தை' என்று எழுதுபவர்களும் உண்டு, அது ஏதோ சந்தைக்குப் பின்புறத்தில் திருட்டுத்தனமாக விற்பது போல இருக்கிறது.

ஜே.சி. ரோடு கடைக்காரர்:
எங்கள் தெருவில் இரண்டே சொல்தான். கம்பெனி பிட்டிங், வெளி பிட்டிங். கஸ்டமர் தமிழரோ கன்னடக்காரரோ, 'பிட்டிங்' இல்லாமல் பேச்சு நகராது. கம்பெனி பிட்டிங் என்றால் பிரச்சினை வந்தால் ஷோரூமில் போய்க் கேட்கலாம். வெளி பிட்டிங் என்றால் மாட்டியவன் சட்டையைத்தான் பிடிக்க வேண்டும். அந்த வித்தியாசம் உங்கள் சொல்லில் வர வேண்டும்.

அப்புறம், 'உறை' மட்டும் வேண்டாம். உறை என்றால் தலையணை உறை மாதிரி மேலே மாட்டிவிடலாம் என்று தோன்றும். போன மாதம் ஒருவர் தானே மாட்டிக்கொண்டு வந்தார். பிரேக்கில் ஏற்கெனவே இருந்த ரப்பரைக் கழற்றவில்லை, அதன் மேலேயே தட்டை வைத்து முடுக்கியிருக்கிறார் (மன்னிக்கவும், திருகியிருக்கிறார்). ரப்பர் அமுங்க அமுங்கத் தட்டு ஒரு பக்கம் சாய்கிறது. மழை நாளில் ஈரச் செருப்போடு மிதித்தால் கால் எங்கே போகும்? இந்த மாதிரி செட்டில் ரப்பரை உருவிவிட்டு, வெறும் இரும்பு முகத்தில் தட்டை வைத்து, பின்பக்கம் பட்டை கொடுத்து போல்ட் போட வேண்டும். இது உறையல்ல, தகடு.

அல்சூர் மொழிபெயர்ப்பாளர்:
அண்ணே, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ரப்பரைக் கழற்றச் சொல்லும் வரி தாளில் நான்காவதாகத்தான் வருகிறது. தலைப்பில் 'உறை' என்று படித்தவர் அதுவரை காத்திருக்க மாட்டார். ஆக்சிலரேட்டரையும் துளைத்துத்தான் மாட்ட வேண்டுமா? தாளில் அந்த இடம் தெளிவாக இல்லை.

ஜே.சி. ரோடு கடைக்காரர்:
பழைய மாருதி 800 என்றால் இரும்புத் தண்டு, கேபிள். துளை போடலாம். இப்போது வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் பெடலே பிளாஸ்டிக், அதோடு சென்சார் சேர்ந்திருக்கும். டிரில் வைத்தால் பெடலையே மாற்ற வேண்டியதுதான். அதற்குப் பிடிப்பான் போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

இன்னொன்றும் எழுதுங்கள். ஆக்சிலரேட்டரை விட பிரேக் கொஞ்சம் உயரமாக இருக்கும். ஆக்சிலரேட்டரில் மட்டும் தடித்த தட்டை ஏற்றினால் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், ஒரே பாதம் இரண்டையும் சேர்த்து அழுத்தும். மாட்டி முடித்ததும் இன்ஜினை அணைத்து வைத்து, ஒவ்வொன்றையும் அடிவரை மிதித்து விட்டுப் பார்க்க வேண்டும். தட்டின் கீழ் விளிம்பு தரைவிரிப்பில் சிக்காமல் தானாக மேலே வர வேண்டும்.

மல்லேசுவரம் தமிழாசிரியர்:
தகடு என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒற்றைக் கவனியுங்கள். மிதியை வினைப்பகுதியாகக் கொண்டால் வினைத்தொகை, ஒற்று மிகாது: மிதிதகடு. முதனிலைத் தொழிற்பெயராகக் கொண்டால் மிதித்தகடு. என் வாக்கு முதலாவதற்கு.

கன்னடம் என்றதும் நினைவுக்கு வந்தது. அங்கே மெட்டு என்றால் மிதி, மெட்டிலு என்றால் படி. நம்மிடமும் மெட்டுதல் உண்டு, காலால் தள்ளுதல். கால்விரல் மெட்டியும் அந்த வேர்தான் என்பது என் நெடுநாள் எண்ணம். 'மெட்டு' என்றே பெடலுக்கு வைத்தால் இரு மொழிக்கும் பொதுவாகாதா?

கே.ஜி.எஃப். ஆசிரியை:
ஐயா, 'பிரேக் மெட்டு' என்றால் என் மாணவர்கள் யார் இசை என்று கேட்பார்கள்.

மிதித்தகடு என்பதை வேகமாகப் படித்தால் 'மிதித்த கடு' என்று பிரிகிறது. மிதிதகடு நாக்கில் நிற்கவில்லை. ஏன் இத்தனை பாடு? உயரம் எட்டாத வயதில் சைக்கிள் பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டியதற்கு என்ன பெயர்? குரங்கு பெடல். அதைக் 'குரங்கு மிதி' என்று சொல்லிப் பாருங்கள். ஊரே சேர்ந்து ஒரு சொல்லை இவ்வளவு சொந்தமாக்கிய பிறகு நாம் யார் அதைத் திருப்பி அனுப்ப?

எழுத்திலும் இடறவில்லை. முதலில் வல்லோசைப் பகரம், நடுவில் மெல்லொலிக்கும் டகரம், முடிவில் லகரம். தமிழ் எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. வடசொல்லுக்குத் தொல்காப்பியர் சொன்ன 'எழுத்தொடு புணர்ந்த சொல்' என்பதைப் பெடலுக்கும் கொஞ்சம் நீட்டிக்கொள்ளக் கூடாதா?

மல்லேசுவரம் தமிழாசிரியர்:
வடசொல்லுக்குச் சொன்னது எல்லாச் சொல்லுக்கும் கதவைத் திறந்துவிட அல்ல, அம்மா. மிதிவண்டியை ஏற்றோமே, மிதியடியை அணிந்தோமே, பெடலுக்கு மட்டும் மிதி கசக்கிறதா?

ஒயிட்ஃபீல்ட் பொறியாளர்:
மிதிவண்டியைப் பாடப்புத்தகத்தில் ஏற்றோம் ஐயா. தெருவில் அது சைக்கிள்தான்.

இன்னொரு செய்தி. பெடலின் மூலம் லத்தீனில் காலைக் குறிக்கும் சொல். வடமொழிப் பாதமும் அந்தக் குடும்பம்தான். 'பாதம்' என்று எழுதும்போது பெடலின் பங்காளியைத்தான் எழுதுகிறோம்.

மல்லேசுவரம் தமிழாசிரியர்:
அதனால்தான் நான் அடி என்று எழுதுகிறேன்.

அல்சூர் மொழிபெயர்ப்பாளர்:
எல்லாருக்கும் நன்றி. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, முடிவு என்று சொல்ல முடியாவிட்டாலும் அனுப்பித்தான் ஆக வேண்டும். தலைப்பில் 'பெடல் தகடு' வைக்கிறேன். 'ஆஃப்டர்மார்க்கெட்'டுக்குச் சொல் புனையவில்லை, அடியில் ஒரு வரி: 'இது கார் தயாரிப்பாளர் வழங்கிய பாகம் அல்ல, வெளியில் வாங்கிப் பொருத்துவது.' ரப்பரைக் கழற்றும் வரியை முதல் வரியாக மேலே ஏற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஒத்துக்கொண்டார்கள். ஐயா, மிதி அடுத்த வேலைக்கு இருக்கட்டும்.

மல்லேசுவரம் தமிழாசிரியர்:
பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. பெடல் தமிழ்ச்சொல் ஆகிவிட்டது என்றால் தமிழ்ப் புணர்ச்சிக்கும் அது கட்டுப்பட வேண்டும் அல்லவா? லகரத்தின் பின் தகரம் வந்தால், கல் + தூண் கற்றூண். ஆகவே பெடற்றகடு. அச்சுக்குப் போகுமுன் திருத்திவிடவும்.

அல்சூர் மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, பத்து நிமிடம் முன்புதான் போய்விட்டது.