பதில்: கான்ஃபிடன்ஸ் ஸ்கோருக்கு ‘நம்பிக்கை’ வேண்டாமே

> எல்லா இடத்துலயும் நம்பிக்கைனே போட்டுடலாமே, புதுசா எதுக்கு?

வணக்கம் ஐயா, கான்ஃபிடன்ஸ்ங்கிற ஆங்கிலச் சொல்லுக்கு தமிழ்ல எல்லா இடத்துலயும் நம்பிக்கைனு போட்டா போதாதுங்க. அந்தச் சொல்லு ஏற்கனவே நிறைய சுமக்குது. கடவுள் மேல வைக்கிறதும் நம்பிக்கை, நாளைக்கு சரியாயிடும்னு நினைக்கிறதும் நம்பிக்கை, ஆட்சிக்கு எதிரா சபையில வர்றது நம்பிக்கையில்லாத் தீர்மானம், மேடையில நடுங்காம பேசுனா தன்னம்பிக்கை. இதெல்லாம் பழகிடுச்சு, அப்படியே இருக்கட்டும். கான்ஃபிடென்ஷியல்னு வந்தா மட்டும் ரகசியம், மந்தணம்னு தனியா போயிடறோம், அங்க யாரும் நம்பிக்கைய இழுக்கல பாருங்க.

சிக்கல் மெஷின் லேர்னிங்லதான், அதாவது தரவப் பாத்து கணினி தானே கத்துக்கிற முறையில. அப்படி கத்துக்கிட்ட நிரல்தான் மாடல், அது ஒரு படத்த பாத்து ‘பூனை, 0.98’னு சொல்லுது. நம்பிக்கைங்கிறது கேக்குறவங்க வைக்கிறது, இந்த 0.98 சொல்ற பக்கத்துல இருக்கிறது, மாடல் தன் விடைக்கு தானே போட்டுக்கிற எண். ‘நம்பிக்கை 98%’னு ஸ்க்ரீன்ல வந்தா படிக்கிறவர் அந்த அளவுக்கு நம்பலாம்னுதான் எடுத்துப்பார், ஆனா சரியா கேலிப்ரேட் பண்ணாத, அதாவது போடுற எண்ணும் நிஜமா சரியா சொல்ற விகிதமும் ஒத்துப்போகாத மாடல் 0.98 போட்டுட்டு தப்பாவும் சொல்லும், அது பூனைப் படமா இல்லாம ஒருத்தரோட ஸ்கேனா இருந்தா என்ன ஆகும்?

புள்ளியியல்லயும் இதே கதைதான். கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்னு ஒண்ணு இருக்கு, உண்மையான மதிப்பு இதுக்குள்ள இருக்கும்னு கணிச்சு சொல்ற எல்லை. அதுக்கு 1937ல புள்ளியியலாளர் நேமன் விளக்குன 95%ங்கிறது கையில கிடைச்ச அந்த ஒரு விடைய பத்தினது இல்ல, அதே முறைய திரும்பத் திரும்ப செஞ்சா நூத்துக்கு சுமார் 95 தடவை உண்மையான மதிப்பு எல்லைக்குள்ள வரும்ங்கிறது. அதுக்கு நாம வெச்ச பேரு நம்பிக்கை இடைவெளி, காதுல கேட்டா ரெண்டு பேருக்கு நடுவுல நம்பிக்கை விட்டுப்போன மாதிரி இருக்கு.

சரி, வேற என்ன சொல் வைக்கலாம்? தேற்றம் அருமையான சொல், இலக்கணத்துல உறுதிய காட்டுற ‘ஏ’வுக்கு தேற்றேகாரம்னே பேரு இருக்கு, ஆனா கணக்குல பித்தாகரஸ் தேற்றம்னு வேற பக்கம் போயிடுச்சு. உறுதினு வெச்சா ரோபஸ்ட்டுக்கு, அதாவது எளிதுல குலையாததுக்கு, என்ன பண்றது? அதனால என் பரிந்துரை துணிபு. ‘எண்ணித் துணிக கருமம்’ல துணிதல்னா முடிவுக்கு வர்றதுதானே.

> துணிவுனா தைரியம்னு நினைப்பாங்களே அண்ணா

அதுக்குத்தான் தம்பி ‘வு’ இல்லாம ‘பு’. துணிவு பேச்சுல தைரியம் ஆயிடுச்சு, துணிபு இன்னும் முடிவுங்கிற பொருள்லயே நிக்குது. ஸ்கோருக்கு துணிபளவு, ஓவர்கான்ஃபிடன்ஸுக்கு மிகைத்துணிபு. ‘பூனை, துணிபளவு 0.98’, வாய்விட்டு சொல்லிப் பாருங்க. கேலிப்ரேஷனுக்கு அளவுத்திருத்தம்னு போடலாம்னு இருக்கேன், அதவிட நல்லதா யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க.