பூனை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனால்

எங்கள் பூனை, உலர் உணவில் புது பாக்கெட் பிரித்த வாரத்தில் கிண்ணத்தை நக்கித் துடைத்துவிடும். பாக்கெட் பாதிக்குக் கீழே இறங்கியதும் கிட்ட வந்து முகரும், முன்னங்காலால் கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பிறாண்டும், போய்விடும். "அலுத்துப்போச்சு, வேற பிராண்டு மாத்துங்க" என்று பலரும் சொன்னார்கள். ஆனால் அதே பிராண்டில் புது பாக்கெட் பிரித்தால் ஓடி வந்து சாப்பிட்டது. அப்படியென்றால் ருசி அலுக்கவில்லை. பழைய பாக்கெட்டின் அடியிலிருந்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தேன். லேசான சிக்கு வாடை.

உலர் உணவின் மேல் பெரும்பாலும் கொழுப்பைத் தெளித்துத்தான் விற்கிறார்கள். பூனையை இழுக்கும் வாசனை அதில்தான் இருக்கிறது. காற்றும் சூடும் பட்டால் முதலில் கெடுவதும் அதுதான். பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. சாப்பிடுவதா வேண்டாமா என்பதை அதன் மூக்கு முடிவு செய்கிறது. நமக்கு லேசாக அடிக்கும் வாடை அதற்கு எவ்வளவு பலமாக இருக்கும்!

இப்போது சீக்கிரம் தீரும் அளவில் சின்ன பாக்கெட்தான் வாங்குகிறேன். டப்பாவில் கொட்டுவதில்லை. பாக்கெட்டின் வாயை மடித்து கிளிப் போட்டு, அப்படியே மூடி இறுக்கமான டப்பாவுக்குள் வைத்துவிடுகிறேன். வெறும் டப்பாவில் கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய பழைய கொழுப்பு புது உணவையும் கெடுத்துவிடும். காலாவதித் தேதியும் தயாரிப்பு எண்ணும் பாக்கெட்டில்தானே இருக்கின்றன? பூனைக்கு ஏதாவது ஆனால் அவை கட்டாயம் தேவைப்படும். டப்பா இருக்கும் இடம் 27 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

*

மேலே எழுதியவர் சொன்ன மூக்கு விஷயம் நூற்றுக்கு நூறு சரி. எங்கள் வீட்டில் வயதான பூனை, ஈர உணவுதான். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், தண்ணீர் குடிக்கச் சோம்பல்படும் பூனைக்கு ரொம்ப நல்லது. ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. குளிர்ந்த உணவில் வாசனை எழுவதில்லை. ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டு மசித்து, விரலால் தொட்டுப் பார்த்து, உடம்புச் சூட்டுக்கு வந்ததும் வைத்தால் அடுத்த அறையிலிருந்து வந்துவிடும். பிரித்த டின்னில் மிச்சத்தை மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, மூன்று நாளுக்குள் முடித்துவிடுவேன். தட்டில் இரண்டு மணி நேரம் கிடந்தது குப்பைக்குத்தான். மனசு கேட்காது, ஆனாலும் போட்டுவிட வேண்டும்.

*

மேலே எழுதிய இருவரும் பூனையை மட்டும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் நாயும் உண்டு. பூனை அடிக்கடி நாய்க் கிண்ணத்தில் வாய் வைக்கும். ஒரு வாய் பரவாயில்லை, அதுவே சாப்பாடாகிவிடக் கூடாது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பால் போதுமான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. அது குறைந்தால் இதயத் தசை பலவீனமாகிறது என்பது 1987-இல் தெரியவந்தது. கண் பார்வையும் போகும். நாய் உணவில் பூனைக்கு வேண்டிய அளவு இருக்கும் என்று நம்ப முடியாது. பூனையின் கிண்ணத்தை நாய்க்கு எட்டாத அலமாரி மேல் மாற்றியபிறகு இரண்டும் அதனதன் உணவைச் சாப்பிடுகின்றன.

இன்னொன்று. உணவு புதிதாக, வெதுவெதுப்பாக இருந்தும் ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால், "பிகு பண்ணுது" என்று விட்டுவிடாதீர்கள். குண்டான பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.