பொருள்: கல்லறைத் தோட்டச் சுவர், கொஞ்சம் பொறுங்கள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

வணக்கம். பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போய் வந்தேன். சுற்றுச்சுவருக்குப் பணம் கேட்டு மடல் வந்தபோது நானும்தான் சரி என்றேன். மாடு நுழைகிறது, ராத்திரியில் குடிக்க ஆள் வருகிறது, சுவர் வேண்டியதுதான்.

ஆனால் மெழுகுவத்தி ஏற்றும்போது கிழக்கு மூலையில் ஓர் ஒற்றையடிப் பாதை கண்ணில் பட்டது. அப்பா கல்லறைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்த கீழத்தெரு அண்ணனிடம் கேட்டேன். "எங்க சுடுகாட்டுக்குத்தான் தம்பி போகுது" என்றார். அப்பாவுக்குக் குழி வெட்டியதும் இவர்தான். இத்தனை வருடம் அந்தப் பாதை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. கீழத்தெருக்காரர்கள் பாடை தூக்கிக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் போவது நம் தோட்டத்து வழியாக. சுவர் எழுந்தால் அந்த வழி அடைபடும். சுற்றிப் போனால் வயல். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் சேறு.

சென்னை வந்ததும் அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' நிலப் பதிவுத் தளத்தில் அ-பதிவேட்டையும் (நிலம் யார் பேரில் என்ற பதிவு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுத்துப் பார்த்தேன். இடம் நம் கோயில் (சர்ச்) பேரில் பட்டா. பாதை படத்தில் இல்லை. அதனால் உரிமையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: 20 வருடம் தடையில்லாமல், உரிமையோடு நடந்து வந்த வழிக்கு 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் (அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமைகளுக்கான சட்டம்) இடம் உண்டு. கோர்ட்டு வரைக்கும் போக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

சென்னை கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் மாமியாரை அடக்கம் செய்தபோது மாமனார் குழியையே திறந்துதான் வைத்தோம். இங்கே மண்ணுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. ஊரில் கிழக்கு ஓரமாகப் பத்தடி விட்டுச் சுவரை உள்ளே தள்ளிக் கட்டினால் ஒரு கல்லறைகூடப் பாதிக்காது, நடந்து அளந்து பார்த்தேன்.

அப்புறம் தோட்டத்தில் இருக்கும் சீமைக்கருவேலம். மேலே வெட்டினால் மறுமழைக்குத் தழைத்துவிடும், தூரோடு எடுக்க வேண்டும். பொக்லைன் இறக்கினால் பழைய கல்லறைகள் பெயர்ந்துவிடும். ஆள் வைத்துத்தான் எடுக்கணும், செலவு கூடும்.

பங்குச் சாமியாரிடம் போனில் சொல்லிவிட்டேன். கீழத்தெருப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசியபின் அஸ்திவாரம் தோண்டலாம் என்கிறார். சிங்கப்பூர், துபாய்க்காரர்கள் ஞாயிறு இரவு கூகுள் மீட்டில் வாருங்கள். அதுவரை யாரும் பணம் அனுப்ப வேண்டாம்.