மறு: 'வாய்ஸ்', 'ரெஸ்ட்' இரண்டுக்கும் என்ன வைக்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். மேற்கத்திய இசைக்குறிகளை எழுதும் மியூஸ்கோர் மென்பொருளைத் தமிழாக்கும்போது 'வாய்ஸ்' (ஒரே நேரத்தில் தனித்தனியே ஓடும் சுர வரிசைகளில் ஒன்று), 'ரெஸ்ட்' (ஒலி இல்லாத நேரத்தின் குறி) இரண்டுக்கும் என்ன சொல் வைப்பது என்ற கேள்விக்கு இது என் பதில்.

> வாய்ஸ் என்றால் குரல்தானே, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? ரெஸ்டுக்கு மௌனம் என்று வைத்தால் அழகாக இருக்கும்.

அழகு சரி, ஆனால் மியூஸ்கோரைத் திறந்து வேலை பார்ப்பவருக்கு இரண்டுமே காலை வாரிவிடும்.

குரலை முதலில் பார்ப்போம். ஐங்கோடு (சுரங்களை எழுதும் ஐந்து கோடுகள்) ஒன்றில் நான்கு வாய்ஸ் வரை எழுதலாம், அது பியானோவின் வலது கைக்கு உரிய ஐங்கோடாகவும் இருக்கலாம், அங்கே யாரும் வாயைத் திறப்பதே இல்லை. கருவிப் பட்டியலிலோ பாடகர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு, அங்கே குரல் என்றுதான் போட்டாக வேண்டும். போதாததற்கு குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற பழந்தமிழ்ச் சுரங்கள் ஏழில் முதலாவதன் பெயரே குரல். தமிழிசை படித்த ஒருவர் 'குரல் 2' என்று திரையில் பார்த்தால் என்னவென்று எடுத்துக்கொள்வார்?

வாய்ஸுக்குப் 'பகுதி' என்று ஒருவர் எழுதியிருந்தார். சர்ச் பாடகர் குழுக்களில் "ஆல்டோ பார்ட்" (ஆல்டோ என்பது பெண்களின் கீழ்க்குரல்) என்று சொல்வதால் அது இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் மென்பொருளில் பார்ட் என்பது ஒவ்வொரு கருவிக்கும் தனியாக அச்சிட்டுத் தரும் தாள், அதற்கு அந்தச் சொல்லை விட்டுவைக்க வேண்டும். 'அடுக்கு' என்பது ஃபினாலே என்ற இன்னொரு இசை எழுதும் மென்பொருளில் பழகியவர்களுக்குப் பிடிக்கும், அங்கே அதை லேயர் என்றார்கள். (2024 ஆகஸ்டில் ஃபினாலேயை நிறுத்துவதாக அறிவித்த பிறகு பலர் வேறு மென்பொருளுக்கு மாறுவதால் இந்தக் கேள்வி இன்னும் வரும்.) எனக்கு அது ஒத்துவரவில்லை, ஏனென்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுரங்கள் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு). கார்டில் சுரங்கள் ஒரே தண்டில் (சுரத்தோடு ஒட்டிய செங்குத்துக் கோட்டில்) நிற்கும், ஒரே நீளம் ஒலிக்கும். மேலே இரண்டு க்ராச்செட் (ஒரு தட்டு சுரம்) ஓடும்போது கீழே ஒரு மினிம் (இரண்டு தட்டு சுரம்) நீண்டு நிற்க வேண்டும் என்று வரும்போதுதான் இரண்டாவது வாய்ஸ் தேவைப்படுகிறது. அதாவது தன் போக்கில் ஓடும் ஒரு வரிசை. அதனால் நான் 'இழை' என்று முன்வைக்கிறேன். சுருதியோடு இழைந்து பாடினார் என்று ஏற்கெனவே சொல்கிறோம். நிரலாக்கத்தில் இழை என்றால் வேறு பொருள் உண்டு என்பது தெரியும், ஆனால் இசை எழுதுபவர் அதைத் திரையில் எங்கும் பார்க்கப்போவதில்லை.

இப்போது ரெஸ்ட். இதில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே தேவைப்படுவது ஒரு சொல் இல்லை, மூன்று.

ஒரு கீர்த்தனைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் ஐங்கோட்டில் சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்) இழை 1, தண்டுகள் மேல்நோக்கி, தேர்ந்தெடுத்தால் நீலம். ஆல்டோ இழை 2, தண்டுகள் கீழ்நோக்கி, பச்சை. நான்கு தட்டு கொண்ட ஒரு பாரில் (இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாள அளவு) சோப்ரானோ நான்கு க்ராச்செட் பாடுகிறது, ஆல்டோ முதல் இரண்டு தட்டு சும்மா இருந்துவிட்டு மூன்றாவதில் ஒரு மினிமோடு நுழைகிறது. அந்த இரண்டு தட்டுக்கும் மினிம் ரெஸ்ட் ஒன்று நடுக்கோட்டைவிட்டுக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். அது நெருக்கடியாகத் தெரிகிறது என்று டெலிட் விசையை அழுத்தினால் போய்விடும், அந்த இழையில் அங்கே ஒன்றுமில்லை. அதையே இழை 1இல் செய்து பாருங்கள், எத்தனை முறை அழுத்தினாலும் போகாது. வி விசையை அழுத்தி மறைக்கத்தான் முடியும், திரையில் சாம்பல் நிறத்தில் இருக்கும், அச்சில் வராது. புதிதாக வருகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த இடத்தில்தான், தமிழ் மொழிபெயர்ப்பில் நீக்குவது, மறைப்பது இரண்டுக்கும் 'அகற்று' என்று போட்டுவைத்தால் இன்னும் மோசம்.

எழுத்துகளாலேயே இசையை உள்ளிடும் லிலிபாண்ட் மென்பொருளில் இது எழுத்திலேயே பிரிந்திருக்கிறது: சின்ன ஆர் போட்டால் ரெஸ்ட் தெரியும், எஸ் போட்டால் நேரம் மட்டும் நகரும், தாளில் ஒன்றும் விழாது.

ஆகவே என் பரிந்துரை: தெரிவது 'ஓய்வு', இருந்தும் தெரியாதது 'மறை ஓய்வு', இல்லவே இல்லாதது 'வெற்றிடம்'. லிலிபாண்டின் எஸ்ஸையும் மறை ஓய்வில் சேர்த்துவிடலாம், நேரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதே. வினைகளில் மறை, நீக்கு இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது.

> பிரெஞ்சுக்காரர்கள் ரெஸ்டை 'மௌனம்' என்றுதானே சொல்கிறார்கள்?

ஆமாம், க்ராச்செட் ரெஸ்டைப் 'பெருமூச்சு' என்றும் சொல்கிறார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மிக்ஸரில் மியூட் பொத்தானுக்கு மௌனம் தேவைப்படும். கார்வை என்ற சொல்லும் உதவாது: கர்நாடக இசையில் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் பெரும்பாலும் முந்தைய சுரத்தின் நீட்சியைக் குறிக்கின்றன, ரெஸ்டிலோ ஒலி நின்றாக வேண்டும்.

முழு ஓய்வு என்பதை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். நான்காம் கோட்டிலிருந்து தொங்கும் அந்தச் சின்னம் செமிபிரீவ் (நான்கு தட்டு) ரெஸ்டுக்கும் வரும், மூன்று தட்டு பார் முழுதும் காலியாக இருந்தாலும் அதேதான் வரும். இரண்டாவதற்கு 'பார் ஓய்வு' என்று வைத்தால் பிரிந்துவிடும் என்று நினைக்கிறேன், பாரைத் தமிழாக்குவது வேறு சண்டை.

கடைசியாக, வாய்ஸ் 1ஐயும் 2ஐயும் பரிமாறும் கட்டளைக்கு யாரோ 'இழை 1-2 மாற்று' என்று பதிந்திருக்கிறார்கள். வெறும் 'மாற்று' என்றால் 1ஐ 2 ஆக்குவது என்று படும், 'இடமாற்று' என்று திருத்திவிடவா? ஆட்சேபம் இருந்தால் ஞாயிறுக்குள் சொல்லுங்கள்.