வீடியோ கால் திக்குகிறது: பெரிய லைன் போடுவதா, வரிசையை ஒழுங்கு செய்வதா?

தரமணி_லைன்:
பேச்சு எடுத்த விஷயம் இதுதான். 20 பேர் உள்ள அலுவலகம். டவுன்லோடு 100 எம்பிபிஎஸ், அப்லோடு 10. யாராவது பெரிய ஃபைலை கிளவுடில் ஏற்றினால் சிங்கப்பூர் டீமோடு பேசும் கூட்டத்தில் குரல் உடைகிறது. என் பதில்: அப்லோடை 100 ஆக்குங்கள். ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் என்றாலும் ஆறு பேர் போட்டால் 12. டேட்டாவை வரிசைப்படுத்தும் எந்த முறையும் இல்லாத பைப்பை உண்டாக்காது.

வேளச்சேரி_கியூ:
சார், கணக்கு சரி, ஆனா குரல் உடைய அது காரணமில்லை. நெட்வொர்க் ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988இல் தந்த வழிப்படி டிசிபி (டேட்டாவை அனுப்பும் நெறிமுறை), பாக்கெட், அதாவது டேட்டா துண்டு, விழுந்து தொலையும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். மோடத்தில் 1 எம்பி (மெகாபைட், அதாவது 8 மெகாபிட்) பஃபர், பாக்கெட் காத்திருக்கும் இடம், இருந்தால் பாக்கெட் விழாது, வரிசையில் நிற்கும். 10 எம்பிபிஎஸ் லைனில் அது காலியாக 800 மில்லிசெகண்ட். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிளில் சுமார் 3,200 கிமீ, ஒளி ஒரு வழி போக 16 மில்லிசெகண்ட்தான் ஆகும். கடலைத் தாண்ட 16, உங்க மோடத்தைத் தாண்ட 800!

அப்லோடு ஓடும்போதே பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்ற வரிசை மேலாண்மைத் தொகுப்பைப் போட்டு, அதில் கேக் என்ற வரிசை முறையைத் தேர்ந்தெடுத்து, அப்லோடை 9 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். முழு 10 வைத்தால் வரிசை மறுபடி மோடத்துக்கே போய்விடும், கேக் கைக்கு எதுவும் வராது.

தரமணி_லைன்:
அதே 1 எம்பி பஃபர் 100 எம்பிபிஎஸ்ஸில் 80 மில்லிசெகண்டில் காலி. குரல் தாமதத்துக்கான சர்வதேசப் பரிந்துரை ஐடியூ ஜி.114 ஒரு வழிக்குச் சொல்லும் 150 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடுகிறதே. தவிர, கேக் ஓட ஹார்ட்வேர் ஆஃப்லோடை (பாக்கெட் வேலையைத் தனிச் சிப்பிடம் விடும் வசதியை) அணைக்க வேண்டும். மலிவான ரவுட்டரின் சிபியு 300 எம்பிபிஎஸ்ஸைத் தாங்காது.

அடையாறு_அலை:
ரெண்டு பேருமே வைஃபையை விட்டுட்டீங்க. கடைசி மூலையில் 6 எம்பிபிஎஸ்ஸில் ஒட்டியிருக்கும் ஒரு லேப்டாப், 1,500 பைட் அனுப்ப 2 மில்லிசெகண்ட் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. 300இல் இருப்பவருக்கு 0.04 போதும். வாய்ப்பு எல்லோருக்கும் சமம் என்பதால் வேகமானவரும் காத்துக் கிடப்பார். லைனைக் கூட்டினாலும் கேக் போட்டாலும் இது தீராது. மீட்டிங் ரூமுக்கு முதலில் கேபிள் இழுங்கள்.

வேளச்சேரி_கியூ:
கேபிள் கட்டாயம், மறுப்பே இல்லை. ஆனா பங்கீடு எப்படியும் வேணும். 1989இல் டெமர்ஸ், கேஷவ், ஷென்கர் என்ற ஆய்வாளர்கள் சொன்ன நியாய வரிசையை வழக்கமாக இணைப்புக்கு இணைப்பு சமம் என்றுதான் போடுகிறார்கள். பேக்கப் மென்பொருள் எட்டு இணைப்பு திறந்தால் எட்டு பங்கு எடுத்துக்கொள்ளும். நெட்வொர்க் ஆய்வாளர் பாப் பிரிஸ்கோ 2007இல் கடுமையாகத் தாக்கியது இந்த ஓட்டையைத்தான். அதனால் கேக்கில் 'டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட்' என்ற அமைப்பைப் போட்டு ஆளுக்கு ஆள் பிரியுங்கள். கூடவே, பொது முகவரிக்குப் பின்னால் இருக்கும் கணினிகளைத் தனித்தனியாகப் பார்க்க வைக்கும் 'நாட்' போட மறக்காதீங்க. இல்லாவிட்டால் 20 பேரும் ஒரே பொது முகவரியாகத் தெரிவார்கள், பிரிப்பே நடக்காது.

தரமணி_லைன்:
ஆளுக்குச் சமம் என்பது மட்டும் நியாயமா? கிளையண்ட் கூட்டமும் கேம் அப்டேட்டும் ஒரே எடையா? கணிதவியலாளர் ஃபிராங்க் கெல்லி 1998இல் எடை போட்டுப் பங்கிடும் கணக்கையே எழுதி வைத்திருக்கிறார்.

வேளச்சேரி_கியூ:
எடையை யார் போடுவது சார்? கேட்டால் ஆளாளுக்குத் தன் வேலைதான் அவசரம் என்பார்கள். பேக்கப் பாக்கெட்டுக்கு மட்டும் சிஎஸ்1 என்ற 'அவசரமில்லை' குறி போடுங்கள். கேக் அதைக் கடைசித் தட்டில் வைக்கும். நெரிசலில் பதினாறில் ஒரு பங்கு, லைன் சும்மா இருந்தால் முழுசும் கிடைக்கும். ஆறு கேமரா வந்தால் ஆளுக்கு ஏறக்குறைய 1.5 எம்பிபிஎஸ். படத்தின் தெளிவு குறையும், குரல் உடையாது. ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறையில் குரலுக்கு வினாடிக்கு 40 கிலோபிட்டே தாராளம்.

தரமணி_லைன்:
படம் மங்கினால், திரையில் பகிரும் புரோகிராம் நிரலை அந்தப் பக்கம் படிக்கவே முடியாது. சேர்ந்து உட்கார்ந்து நிரல் பார்க்கும் டீமுக்குக் குரல் மட்டும் கேட்டு என்ன பயன்? அங்கே லைனைக் கூட்டித்தான் ஆகணும்.