பாரில் உரசி உரசி அறுந்து போகுது: எந்த லீடர் நரம்பு தாங்கும்?

அரைப்பாகம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். படகை நங்கூரம் போட்டு நிறுத்தி, பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) மேல ஈயம் இறக்கி அடிமீன் பிடிக்கிறேன். ஆழம் 25-லிருந்து 40 மீட்டர். குறி கலவா மீன்தான், நடுவுல எது வந்தாலும் வேண்டாம்னு சொல்றதில்லை.

என் செட்டு இதுதான்: மெயின் லைன் 50 பவுண்டு பிரெய்ட் (பின்னல் நரம்பு). அதுலயே 200 கிராம் ஓடுற ஈயம். அதுக்குக் கீழ ஸ்விவல் (சுழல் வளையம்), அப்புறம் ஒன்றரை மீட்டர் 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (முள்ளுக்கு முன்னாடி வர்ற நரம்பு), கடைசியில 7/0 சர்க்கிள் முள் (வட்டமா வளைஞ்ச தூண்டில் முள்).

போன மூணு தடவையில ஒன்பது மீன் மாட்டுச்சு, படகுக்கு வந்தது மூணே மூணு. மீதி ஆறும் போச்சு. எல்லாம் ஒரே மாதிரிதான்: ராட் வளையும், ரெண்டு தலையாட்டு, கையில கரகரன்னு ஒரு உரசல், அவ்வளவுதான், லேசாயிடும். பாறை இடுக்குக்குள்ள போய் அறுத்துக்குதுன்னு புரியுது.

60-க்குப் போகணுமா, 80-க்கா? ஃப்ளூரோகார்பன்லயே இருக்கலாமா, இல்ல சாதா நைலான் தங்கூஸுக்கு மாறணுமா? பேசாம ஒயர் போட்டுடலாமான்னும் தோணுது. 'உரசல் தாங்கும்'னு டப்பா மேல போட்டிருக்கறதை எவ்வளவு தூரம் நம்பலாம்?


வெள்ளாப்பு எழுதியது:

80 போடுங்க. கலவாவுக்குக் கண்ணாடி நரம்பெல்லாம் (ஃப்ளூரோகார்பன்) தேவையில்லை, அது பார்த்துட்டுத் தின்கிற சாதி இல்லை.


பழைய ஈயம் எழுதியது:

தம்பி, 80 வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கிறேன். அறுந்து மேல வந்த நுனிங்களை வெச்சிருக்கீங்களா, வெட்டிக் கடாசிட்டீங்களா?

நான் வெச்சிருப்பேன். ஒரு கோடு போட்ட நோட்டு, அதுல டேப் போட்டு ஒவ்வொரு நுனியையும் ஒட்டி, பக்கத்துல ஆழம், தேதி. 'நகம் வெட்டிச் சேர்த்து வெக்கிறவங்களைக் கூட மன்னிச்சிடலாம்பா'ன்னு என் பொண்ணு சொல்லுவா. சொல்லிட்டுப் போகட்டும். மீன் போனதுக்கு அப்புறம் நம்ம கையில மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி அந்த நுனிதான்.

நுனி ஸ்பிரிங் மாதிரி சுருண்டு வந்திருந்தா அது பாறை வேலையே இல்லை, உங்க முடிச்சு உருவிக்கிட்டு வந்திருக்கு. பிளேடு போட்ட மாதிரி சுத்தமா வெட்டியிருந்தா பல்லு, இல்லேன்னா சிப்பி ஓரம். நுனிக்கு மேல ஒரு சாண் தூரம் வெள்ளை பூத்து, நகத்தை ஓட்டினா சொரசொரன்னு இருந்தா அதுதான் நீங்க சொல்ற உரசல். கண்ணுக்குத் தெரியலேன்னா உதட்டுல வெச்சு இழுத்துப் பாருங்க. விரல் ஏமாறும், உதடு ஏமாறாது.

இப்ப உரசலுக்கே வருவோம். பவுண்டுங்கறது நேரா இழுத்தா எவ்வளவு தாங்கும்ங்கற கணக்கு. பாருல எந்த மீனும் நேரா இழுக்கறதில்லை. கொட்டலசு (பாறையில ஒட்டி வளர்ற கூரான ஓட்டுயிர்) மேலயும் சிப்பி மேலயும் நரம்பைப் போட்டு அறுக்குது, ரம்பம் மாதிரி. அங்க பவுண்டு பேசாது, தடிமன்தான் பேசும். ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி வெச்சுக்கங்க. ஒரே 60 பவுண்டுன்னு எழுதியிருக்கும், ஒண்ணு மெல்லிசா இருக்கும், இன்னொண்ணு தடியா இருக்கும். 'இவ்வளவு மெல்லிசுலயே 60 தாங்குது'ன்னு பெருமையா போட்டிருப்பான். தூரம் வீசறவனுக்கு அது லாபம், பாருல நிக்கிற நமக்கு நஷ்டம்.

கணக்காவே சொல்றேன். 0.50 மி.மீ. நரம்புல 0.1 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பக்கம் சீவிட்டுதுன்னு வெச்சுக்கங்க, குறுக்குவெட்டுல கிட்டத்தட்ட 14 சதவீதம் காலி. அதே சீவல் 0.90-ல விழுந்தா 6 சதவீதம்தான். பட்ட வெட்டு ஒண்ணுதான், மிச்சம் நிக்கிறதுலதான் வித்தியாசம். நிஜத்துல இழப்பு இன்னும் மோசமாவே இருக்கும், ஏன்னா பாரம் பூரா அந்த வெட்டு வாயிலதான் வந்து உட்காரும்.

ஃப்ளூரோகார்பனா தங்கூஸாங்கறதுக்கு வீட்டு மாடியில ஒரு கூத்து பண்ணிப் பார்த்தேன். உடைஞ்ச சிப்பி ஓட்டை மரக்கட்டையில அறைஞ்சு, நரம்பை ராத்திரி பூரா உப்புத் தண்ணியில ஊறப்போட்டு, ரெண்டு கிலோ கல்லைத் தொங்கவிட்டு முன்னும் பின்னும் இழுத்தேன். ஒரே தடிமன்ல ரெண்டையும் இழுத்தா எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் மாறுச்சே தவிர, இதுதான் ஜெயிச்சுதுன்னு என்னால சொல்ல முடியலை. ஃப்ளூரோ கொஞ்சம் மேலன்னு பட்டுச்சு. ஆனா ரெண்டு படி தடியான தங்கூஸ் போட்டதும் கதையே வேற, கை வலிச்சு நான்தான் நிறுத்தினேன். பிரெய்டையும் அதே சிப்பியில வெச்சேன். ரெண்டாவது இழுப்புக்கு நிக்கலை. அது மயிரிழை மயிரிழையா பின்னினது. இறுகி நிக்கிற நேரத்துல ஒவ்வொரு இழையா அறுந்து கொடுத்துடும்.

அதனால பாருக்கு என் கையில இருக்கிறது 80 பவுண்டு கெட்டித் தங்கூஸ், 0.90-க்குக் கொஞ்சம் முன்னபின்ன. ஒயர் வேண்டாம். பாறையில அறுபடாதுதான், ஆனா ஒரு தடவை மடிஞ்சுட்டா அந்த இடத்துலயே ஒடியும், மீன் அடிக்கறதும் குறையும். சீலா, வஞ்சிரம் மாதிரி பல்லுக்காரன் சுத்திக்கிட்டு இருந்தா மட்டும் ஒரு சாண் ஒயர் போடுவேன்.

நுனி இருந்தா பார்த்துட்டு எழுதுங்க.


கண்ணாடி நரம்பு எழுதியது:

பழைய ஈயம் அண்ணனோட ஒரு விஷயத்துல ஒத்துப்போக மாட்டேன். மாடியில ஒரு ராத்திரி ஊறினதும் கடல்ல பலநாள் அடிபட்டதும் ஒண்ணு இல்லை. நைலான் தண்ணி குடிக்கும். குடிச்சா மெத்துன்னு ஆகும், பலமும் குறையும். வெயில்ல கிடந்தாலும் கெடும். ஃப்ளூரோகார்பன் ரெண்டுக்குமே அசையாது. ஒரு ரோலை ரெண்டு வருஷம் வெச்சிருந்து போட்டாலும் அதே நரம்புதான்.

தண்ணிக்குள்ள தெரியாதுங்கறதும் வெறும் விளம்பரம் இல்லை. ஒளிவிலகல் எண் தண்ணிக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.5-க்கு மேல. கலவாவுக்கு அது தேவையில்லைன்னா சரி, முள்ளோட சூடு தெரிஞ்ச சங்கரா மீனுக்குத் தேவை. அதே இடத்துல நான் ரெண்டையும் போட்டுப் பார்த்திருக்கேன்.


பழைய ஈயம் எழுதியது:

தண்ணி குடிக்கிறது உண்மை, மறுக்கலை. அதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் புது லீடர் கட்டிக்கிட்டுப் போறேன், பழசை வீட்டுக்குக் கொண்டுவந்து பொடிசா வெட்டிக் குப்பையில போடுறேன். நீங்க ரெண்டு வருஷம் ஒரே ரோலை வெச்சிருக்கிற ஆள், உங்களுக்கு ஃப்ளூரோதான் சரி. சங்கரா விஷயத்துல நீங்க சொல்றதே சரி, வெள்ளையா தெளிஞ்ச தண்ணியில நானும் 40 ஃப்ளூரோவுக்குத்தான் இறங்குவேன்.

ஆனா இன்னொரு குணத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. ஃப்ளூரோகார்பன் கனம். அடர்த்தி தண்ணியைப் போல 1.78 மடங்கு, நைலான் 1.14-தான். நீவாடு (நீரோட்டம்) நின்னுபோன நேரத்துல கனமான லீடர் அப்படியே பார் மேல போய்ப் படுக்கும். மீன் அடிக்கறதுக்கு முன்னாடியே பாதி உரசல் முடிஞ்சிருக்கும்.


அரைப்பாகம் எழுதியது:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. பழைய ஈயம் அண்ணே, நுனியை வெட்டிப் பெட்டிக்குள்ளயே போட்டிருந்தேன். கிளறினதுல ஆறுல நாலு கிடைச்சுது. பார்த்ததும் கொஞ்சம் வெட்கமா போச்சு.

ரெண்டு, நீங்க சொன்ன அதே ஸ்பிரிங் சுருள். முள்ளுப் பக்கம். ஒண்ணு வெள்ளை பூத்து சொரசொரப்பு, கையில தொட்டதுமே தெரியுது. நாலாவதுல லீடரே இல்லை, பிரெய்ட்தான், நுனி பஞ்சு மாதிரி பிரிஞ்சு நிக்குது. அன்னிக்கு ஸ்விவல், ஈயம் எல்லாமே சேர்ந்து போச்சு, இப்பதான் ஞாபகம் வருது.

அப்ப பாறை அறுத்ததுன்னு நான் நினைச்சது...? முள்ளுக்கு இம்ப்ரூவ்டு கிளிஞ்ச் முடிச்சு போடுறேன், அஞ்சு சுத்து.


பழைய ஈயம் எழுதியது:

வெட்கமெல்லாம் வேண்டாம். என் நோட்டுல முதல் ரெண்டு பக்கம் முழுக்க ஸ்பிரிங்தான்.

நாலுல லீடர் நிஜமா உரசி அறுந்தது ஒண்ணுதான். நீங்க நேரா 80-க்குப் போயிருந்தா ரெண்டு மீன் போன அந்த முடிச்சு இன்னும் மோசமாயிருக்கும். தடி நரம்புல கிளிஞ்ச் உட்காராது. சுத்துங்க ஒண்ணு மேல ஒண்ணு படியாம, இறுகின மாதிரி தெரியும், பாரம் வந்ததும் உருவும். சர்க்கிள் முள்ளுக்கு ஸ்னெல் போடுங்க, நரம்பை முள்ளோட காம்பு மேல சுத்துற கட்டு. இழுக்கும்போது முள்ளும் சரியா திரும்பி வாய் ஓரத்துல ஏறும். இறுக்கும்போது எச்சில் தடவி மெதுவா, விட்டு விட்டு இழுங்க. சரட்டுன்னு இழுத்தா உரசல் சூடே நரம்பைக் கெடுத்துடும், ஃப்ளூரோகார்பன்ல அது ரொம்பவே. கடைசியா மிச்ச நுனியை பிளையர்ல பிடிச்சு ஒரு இழு, முள்ளை ஒரு ஆணியில மாட்டி ஒரு இழு. பிய்யறதா இருந்தா படகு மேலயே பிய்யட்டும்.

100 பவுண்டுக்கு மேல போனா முடிச்சை விட்டுட்டு கிரிம்ப் ஸ்லீவுக்கு (நரம்பைக் கோத்து நசுக்குற சின்ன உலோகக் குழாய்) வந்துடுங்க. நரம்பு அளவுக்கான ஸ்லீவ்தான் போடணும். ரெண்டு ஓரத்தையும் கொஞ்சம் விட்டு நடுவுல அழுத்துங்க, ஓரம் வரைக்கும் அழுத்தினா அந்த விளிம்பே நரம்பைக் கடிக்கும்.

நாலாவது நுனிதான் எனக்கு முக்கியமா படுது. உங்க ஈயம் பிரெய்ட் மேலயே ஓடுது. ஈயம் பார்ல உட்கார்ந்ததும் பிரெய்டும் கூடவே அங்க உட்காருது. மீன் பக்கவாட்டுல இடுக்குக்கு ஓடினதும் ஒன்றரை மீட்டர் லீடர் உள்ளே போயிடும், பாறை விளிம்புல நிக்கிறது எது? என் மாடிச் சிப்பியில ரெண்டு இழுப்பு தாங்காத அதே பிரெய்ட்.

பிரெய்டோட 4 மீட்டர் 80 பவுண்டு தங்கூஸைச் சேருங்க, எஃப்ஜி முடிச்சு, அது ராட் வளையத்துல தட்டாம ஓடும். கத்துக்க ஒரு வாரம் ஆகும், முதல் பத்து அசிங்கமா வரும். ஈயம் இந்தத் தங்கூஸ் மேல ஓடட்டும். அப்புறம் ஸ்விவல், ஒரு மீட்டர் முள் நரம்பு. மொத்தம் அஞ்சு மீட்டர். சாதனைக்குப் பதியற எண்ணம் இருந்தா மட்டும் ஐஜிஎஃப்ஏ (உலக மீன்பிடி சாதனைகளைப் பதியற அமைப்பு) அளவைப் பார்த்துக்கங்க. கடல்ல 20 பவுண்டுக்கு மேற்பட்ட லைன் வகைக்கு லீடர் 30 அடி, அதாவது 9.14 மீட்டர் வரைக்கும் விடறாங்க. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ரீலோட டிராக்கையும் (மீன் இழுத்தா நரம்பை விடற இறுக்கம்) ஒரு கைத்தராசுல இழுத்துப் பாருங்க. 50 பவுண்டு பிரெய்டுக்கு ஏழு கிலோ வரைக்கும் வெக்கலாம். கலவா அடிச்சதும் முதல் ரெண்டு மீட்டர்தான் சண்டை. அதுல அது ஜெயிச்சா எந்த நரம்பும் காப்பாத்தாது.


ஓட்டைப்படகு எழுதியது:

ஒண்ணு சேர்த்துக்கிறேன். ஈயத்தை நேரா லீடர்ல கோக்காம, ஒரு சின்ன ஸ்விவலை ஓடவிட்டு அதுல 20 பவுண்டு பழைய நரம்புல ஈயத்தைக் கட்டுங்க. ஈயம் இடுக்குல மாட்டினா அது மட்டும் போகும். இல்லேன்னா 80 லீடர் போட்டதுக்கு அப்புறம் மாட்டினா அறுபடறது உங்க 50 பிரெய்ட்தான், அஞ்சு மீட்டர் தங்கூஸையும் கடலுக்கு விட்டுட்டு வரணும். ஒயரிங் கம்பி, பழைய நட்டு, எது கனமா இருந்தாலும் ஈயத்துக்குப் பதில் கட்டலாம், போனாலும் மனசு அடிச்சுக்காது.


வெள்ளாப்பு எழுதியது:

நான் முதல்லயே 80-ன்னு சொன்னேன்.


அரைப்பாகம் எழுதியது:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். எஃப்ஜி பழக அத்தனை நாள் ஆயிடுச்சு, சோஃபா கைப்பிடியில பிரெய்ட் வரி வரியா விழுந்து வீட்டுல பேச்சு வேற.

நேத்து போனோம். அண்ணன் சொன்ன அதே செட்டு, ஈயத்துக்கு 20 பவுண்டு. ஈயம் மூணு போச்சு, லீடர் ஒண்ணு கூடப் போகலை. மீன் அஞ்சு மாட்டுச்சு, நாலு மேல வந்தது. ரெண்டாவது கலவா இடுக்குக்குள்ளயே போயிடுச்சு, அதே கரகர. விடாம பிடிச்சிருந்தேன், ஒரு நிமிஷத்துல வெளியே வந்துடுச்சு. மேல வந்ததும் லீடரைப் பார்த்தா கைநீளத்துக்கு வெள்ளை. 40-ஆ இருந்திருந்தா கதை முடிஞ்சிருக்கும். அந்தப் பகுதியை வெட்டிட்டுத் திரும்பக் கட்டினேன்.

அஞ்சாவதுதான் போனது. நுனி சுத்தமா வெட்டினது, சுருளும் இல்லை, வெள்ளையும் இல்லை. பல்லா சிப்பியான்னு தெரியலை. டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கேன்.


பழைய ஈயம் எழுதியது:

ஸ்விவல்லேர்ந்து வெட்டு வரைக்கும் எவ்வளவு நரம்பு மிஞ்சியிருக்கு, அளந்து சொல்லுங்க. மீட்டர்ல ஒரு சாண்தான் குறையுதுன்னா பல்லு, அடுத்த தடவை அந்த ஒரு சாணுக்கு மட்டும் ஒயர் போடுங்க. பாதியிலயே வெட்டியிருந்தா சிப்பி.